பாத்து செய்யுங்க சார்

அம்மா குடியிருக்கத் தக்கலைப் பக்கம் ஒரு வீடு வாங்கத்தான் இந்த முறை ஊருக்கு வந்தேன். வாங்கியாச்சு. 8 சென்ட், பழைய ஓட்டு வீடு, கிணறு, பின்னால் ஒரு அயினி மரம். 48 லட்சம். அரசுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இணையத்திலேயே கட்டி டோக்கனும் எடுத்தாகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் கைரேகை, போட்டோ எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல இருப்பதெல்லாம் வெளியே வந்த பிறகு நடந்தது. வாசலில் ஆறு பேர் நின்றார்கள். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: வீடு காட்டிய புரோக்கர் அண்ணாச்சி, கூட்டிப்போன ஆட்டோக்காரர்.

முதல் நாளே அண்ணாச்சியிடம் கேட்டேன், "கமிசன் எவ்வளவு?" என்று. "கிரயம் முடியட்டும் சார், பாத்து செய்யுங்க" என்றார். இரண்டாம் தடவையும் அதே பதில். வாங்குகிறவர் 2 சதவீதம் கொடுப்பது வழக்கம் என்று ஒன்றுவிட்ட அண்ணன் சொன்னதால் 96,000 எடுத்து வைத்திருந்தேன். இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2016-இல் வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவையும் அடுக்குமாடியையும் விற்கிற தரகர்தான் பதிவு செய்திருக்க வேண்டும். ஓட்டு வீட்டைக் கைமாற்றி விடுகிற நம்ம அண்ணாச்சிமார் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

சரி, அந்த ஆறு பேர். வீடு விலைக்கு வருகிறது என்று அண்ணாச்சிக்குத் துப்பு சொன்னவர் ஒருத்தர். சாவியை வைத்திருந்தவர் ஒருத்தர். விற்றவருடைய அக்கா மகன். அவர் அந்தப் பக்கமும் வாங்கிவிட்டு இந்தப் பக்கமும் கை நீட்டினார். ஆறாவது ஆளை நான் கண்ணால் கண்டதே இல்லை. "போன்ல வெலய பேசி எறக்குனது நானாக்கும் சார்" என்றார். யாருடைய போனில், எந்த விலையை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அண்ணாச்சியோ, "எனக்குள்ளது ரெண்டு பெர்சன்ட். இவங்களுக்கு நீங்க தனியா பாத்து செய்யணும். டாலர்ல சம்பாதிக்கப்பட்ட ஆளு, இதெல்லாம் ஒரு பைசாவா?" என்றார்.

எனக்கு டல்லாஸ் ஞாபகம் வந்தது. 2024 அக்டோபரில் அங்கே வீடு பார்க்கப் போனபோது, கதவைத் திறக்கும் முன்பே ஏஜென்ட் ஒப்பந்தத்தை நீட்டினார். அமெரிக்க ரியல்ட்டர்கள் (வீட்டுத் தரகர்கள்) சங்கத்தின் மேல் வீடு விற்றவர்கள் போட்ட வழக்கு 41.8 கோடி டாலருக்குச் சமரசமாகி, அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் அப்படி ஒரு விதி. தரகு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் வீட்டைச் சுற்றிக் காட்ட மாட்டார்கள். சும்மா எட்டிப் பார்க்கவா இத்தனை காகிதம் என்று அன்றைக்கு எரிச்சல்பட்டவன் நான். வாசலில் நின்றபோது அந்தக் காகிதம் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அங்கே போனது 2.5 சதவீதம்: 4,20,000 டாலர் வீட்டுக்கு 10,500. விற்பவர் கொடுப்பதாகத்தான் பேச்சு. நான் கொடுத்த விலைக்குள் இருந்துதானே அவரும் கொடுத்தார்! அதனால்தானோ என்னவோ, வலி தெரியவில்லை.

இந்த நேரத்தில் வீட்டை விற்ற பெரியவர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "நான் நாப்பத்தாறுதானே கேட்டேன்" என்று யாரிடமோ சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே வைத்த 2 லட்சம் அண்ணாச்சி கைக்குத் திரும்பப் போகிறது. மற்ற ஐந்து பேரின் சத்தமும் அந்தப் பணத்துக்காகத்தான். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அம்மா காரிலிருந்து இறங்கி வந்தாள். "மக்களே, நீ செத்த நேரம் சும்ம இரி" என்று என்னை ஓரங்கட்டினாள். அண்ணாச்சியைப் பார்த்து, "ஒனக்குள்ள தொண்ணூத்தாறு இந்தா இருக்கு. இவங்களுக்கு மேல வச்ச பைசாவுல இருந்து குடு. எனக்கு கணக்கு தெரியாதுன்னு நெனச்சியாடே?" என்றாள். பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கூட்டர் சீட்டில் வைத்துப் பணத்தைப் பிரித்தார்கள். பிறகு ஆறு பேரும் சேர்ந்து ரச வடை தின்றார்கள். காசு கொடுத்தது யார்? நான்தான்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "எப்பவும் உள்ளதுதான்" என்கிறாள்.

அண்ணாச்சியை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. ஆட்டோக்காரர் பக்கத்து ரப்பர் விளையை என் தலையில் கட்டப் பார்த்தபோது, வெளிநாட்டில் இருக்கிறவர் விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது என்று தடுத்தது அவர்தான். முன்பிரமாணத்தில், அதாவது பழைய பத்திரத்தில், வீட்டுக்குப் போகிற வழி எழுதப்படாமல் இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்; விற்பவரின் தம்பி அந்த வழிக்குக் கையெழுத்துப் போட்ட பிறகே கிரயத்துக்குச் சம்மதித்தார். டல்லாஸில் இதற்கென்று தனிக் கம்பெனி, தனிக் கட்டணம்.

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. நேற்று அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸப்: பக்கத்து 12 சென்ட்டும் வருகிறதாம். "கமிசன் எவ்வளவு?" என்று கேட்டுப் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.