தனுஷ்கோடியா, காரங்காடா?

வேலையிலிருந்து ரெண்டு நாள் கழன்றுகொள்ள ராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரத்துக்கே ரயில் ஏறுகிறார்கள். தப்பில்லை. அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீர் தலையில் விழ, ஈரத் துணியோடு அடுத்த கிணற்றுக்கு ஓடும்போது ஆபீஸ் ஞாபகத்துக்கே வராது. அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் விடுமுறை நாளில் போனால் வேன் வரிசையும் செல்ஃபி கூட்டமும் சேர்ந்து, திரும்பி வந்ததும் இன்னொரு லீவு கேட்க வைக்கும்.

காரங்காடு வேறு ரகம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கும் மீனவர் ஊர். வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் பெரிய அலை கிடையாது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களுக்கு நடுவே நண்டு ஓடுவதைப் பார்க்கலாம். "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். செய்வதற்கு வேறொன்றும் இல்லை, அதுதான் வசதியே.

அப்பா அம்மாவோடு வந்தால் ராமேஸ்வரம்தான். காரங்காடு என்றால் வீட்டில் சண்டை வரும். தனியாகவோ ஒரு நண்பரோடோ வருபவருக்கு என் ஓட்டு காரங்காட்டுக்கு. படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.