மூலிகைச் சாறு கல்லீரலைக் காக்குமா? கார்பன் டெட்ராகுளோரைடு சோதனையும் பாராசிட்டமால் சோதனையும்

ஒரு சாறு கல்லீரலைக் காக்கிறதா என்று பார்க்க, முதலில் விலங்கின் கல்லீரலைக் கெடுத்தாக வேண்டும். எதை வைத்துக் கெடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது.

கார்பன் டெட்ராகுளோரைடு வெகுகாலமாகப் புழங்குவது. எண்ணெயில் கலந்து எலிக்குக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகளான ஏஎல்டி, ஏஎஸ்டி எகிறிவிடும், செலவும் குறைவு. ஆனால் அது கெடுக்கும் விதத்தைப் பாருங்கள்: சிஒய்பி2இ1 என்ற கல்லீரல் நொதி அதை ட்ரைகுளோரோமெத்தில் ஃப்ரீ ராடிக்கலாக மாற்ற, அது செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. ஆக, இப்படிப்பட்ட ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் தன்மை உள்ள எந்தச் செடியும் இங்கே சுலபமாக நல்ல பெயர் வாங்கிவிடும்.

பாராசிட்டமால் மனிதர்களுக்கு உண்மையிலேயே நடக்கும் பாதிப்பு. அதிக அளவில் போனால் அதே சிஒய்பி2இ1 வழியாக நாப்க்வி என்ற நச்சு உருவாகி, செல்லின் தற்காப்புப் பொருளான குளுட்டாதயோனைத் தீர்த்துவிட்டு, புரதங்களில் ஒட்டி, மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற நிரூபணமான நச்சுமுறிவு மருந்து இருப்பதால், சாறை அதோடு நேராக ஒப்பிடலாம், மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கும் சைலிமாரினோடு மட்டும் ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். தொல்லையும் உண்டு. எலி இதை நன்றாகத் தாங்கிக்கொள்ளும், சுண்டெலிதான் வேண்டும், அதையும் முதல் நாள் இரவே பட்டினி போட வேண்டும். சாறை டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் அந்தக் கரைப்பானே சிஒய்பி2இ1-ஐத் தடுத்துக் கல்லீரலைக் காப்பாற்றிவிடும், பெயர் செடிக்குப் போய்விடும்!

இரண்டிலும் என்னை உறுத்துவது, சாறை நாள்கணக்கில் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு நச்சைக் கொடுப்பது. சாறு அந்த நொதியை மட்டும் தடுத்திருந்தால் நச்சே உருவாகியிருக்காது, ஏஎல்டி குறையத்தான் செய்யும். கல்லீரல் பாதித்த பிறகு வருகிற நோயாளிக்கு அதனால் என்ன பயன்?

அதனால் திடீர் பாதிப்புக்கு என் தேர்வு பாராசிட்டமால், சுண்டெலி, நச்சு கொடுத்துச் சுமார் 2 மணி நேரம் கழித்துச் சாறு. அப்புறம் திசுவையும் வெட்டிப் பார்க்க வேண்டும், எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் பார்த்தால் நல்லது. நாள்பட்ட தழும்புக்குப் பாராசிட்டமால் சரிப்படாது. வாரம் இருமுறை எனப் பல வாரங்கள் கொடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடுதான் அங்கே கைகொடுக்கும், அப்போதும் தழும்பு விழுந்த பிறகே சாறைத் தொடங்க வேண்டும்.