கேஸ் ஷீட் இல்லாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்: பெங்களூர் ஆஸ்பத்திரி அலட்சியம் குறித்து ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆளைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்கள் ஏமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். விடியற்காலையில் ஐசியூ வாசலில் செய்தி சொல்வார்கள். சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் பில்லிங்கில் இருந்து ஒருவர் வந்து, பாக்கியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டதாகச் சொல்லி, "இங்கே ஒரு கையெழுத்து மட்டும்" என்று ஒரு தாளை நீட்டுவார். அழுதுகொண்டிருக்கும் மகனோ மருமகனோ படிக்காமலே போட்டுவிடுவார். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். மதியத்துக்குள் ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை என்று வண்டி போய்விடும். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் கழிந்து வீடு வெறிச்சோடிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "ராத்திரி பூரா மூச்சு வாங்குதுன்னு நாலு தடவை போய்ச் சொன்னோமே, டாக்டர் ஏன் வரவே இல்லை?" அப்போது கையில் இருப்பது இரண்டு பக்க டெத் சம்மரியும் பில்லும் மட்டும்.

டெத் சம்மரியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அது எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி உட்கார்ந்து எழுதிய சுருக்கம். எந்த மணிக்கு யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதெல்லாம் சிகிச்சை நடக்கும்போதே எழுதப்படும் கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

இந்த 72 மணி நேரம் நீங்கள் மனு கொடுத்த நிமிடத்தில் இருந்து ஓடத் தொடங்குகிறது. வாயால் கேட்டதற்குக் கணக்கே இல்லை. "எம்ஆர்டியில் (ஆவணப் பிரிவு) போய்க் கேளுங்கள்", "டாக்டர் கையெழுத்து பாக்கி", "டெத் சர்டிபிகேட் வந்த பிறகு வாங்க" என்று அலைய விடுவது வழக்கம். மனுவை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இரண்டு பிரதியாக எழுதி, மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்குக் கொடுத்து, இரண்டாவது பிரதியில் சீல், தேதி, நேரம், வாங்கியவர் பெயர் ஆகிய நான்கையும் வாங்குங்கள். உறவுக்கு ஆதாரமாக அப்போது கையில் உள்ள ஆதார், ரேஷன் கார்டு நகலை இணைத்தால் போதும். மீதியைப் பிறகு தருகிறோம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாங்க மறுத்தால் அந்த இடத்திலேயே ஆஸ்பத்திரியின் அதிகாரபூர்வ இமெயிலுக்கு அனுப்பிவிட்டு, அன்றே ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள்.

மனுவில் "எல்லா ரெக்கார்டும் வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்தால் பாதிதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: எமர்ஜென்சியில் பார்த்த முதல் குறிப்பு, டாக்டர் ஆர்டர் ஷீட், தினசரி முன்னேற்றக் குறிப்பு, நர்சிங் நோட்ஸ், டிபிஆர் சார்ட் (காய்ச்சல், பல்ஸ், மூச்சுக் கணக்கு), இன்டேக் அவுட்புட் சார்ட் (உள்ளே போன, வெளியே வந்த நீர்க் கணக்கு), டிரக் சார்ட் (கொடுத்த மருந்துகளின் பட்டியல்), எல்லா ஒப்புதல் படிவங்களும், ஆபரேஷன் நோட்ஸ், அனஸ்தீசியா ரெக்கார்ட், ஐசியூ ஃப்ளோ சார்ட், வென்டிலேட்டர் சார்ட், ஈசிஜி தாள்கள், ஸ்கேனின் சிடி, மாதிரி எடுத்த நேரமும் ரிப்போர்ட் வந்த நேரமும் உள்ள லேப் ரிப்போர்ட்டுகள், ரத்தம் ஏற்றியிருந்தால் ரத்த வங்கிச் சீட்டு, பார்மசி பில்லும் ரிட்டர்ன் சீட்டும், வகைப்படுத்திய முழு பில். கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் ஆஸ்பத்திரி என்றால் எந்தப் பதிவை யார், எப்போது செய்தார், எப்போது திருத்தினார் என்று காட்டும் ஆடிட் டிரெய்லையும் கேளுங்கள். வார்டு வராந்தாவின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி, தேதியும் மணியும் குறிப்பிட்டு தனியாக ஒரு கடிதம் வேண்டும். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டு போவதால் இது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

தாள்கள் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாக எண் போட்டு, போட்டோ எடுத்து, பிறகு இரவு நேரத்து நர்சிங் சார்ட்டை முதலில் பாருங்கள். 10, 12, 2, 4, 6 மணி என்று ஐந்து கட்டங்கள். ஐந்திலும் பல்ஸ் 82, பிபி 120/80, மூச்சு 18. ஒரே பேனா, ஒரே அழுத்தம், எழுத்தின் சாய்வுகூட ஒன்று. நோய்ப்பட்ட உடம்பில் எட்டு மணி நேரம் ஒரு எண்கூட அசையாமல் இருக்காது. அடுத்த தாளில், 6:10க்கு ஐசியூவில் சேர்த்தபோது பிபி 70/40 என்று இருந்தால், பத்து நிமிடத்தில் இப்படி விழுந்ததா, இல்லை ராத்திரி யாரும் பார்க்கவே இல்லையா என்று ஆஸ்பத்திரிதான் விளக்கியாக வேண்டும்.

அடுத்து டிரக் சார்ட்டையும் பார்மசி பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2 மணிக்கு ஊசி போட்டதாகக் கையெழுத்து இருக்கும். அந்த ஊசி பில் ஆனது காலை 7:40 என்று இருக்கும். "வார்டு ஸ்டாக்கில் இருந்து போட்டோம்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் வார்டு மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லேப்பிலும் இதே கணக்கு. பொட்டாசியம் 6.5ஐத் தாண்டியதுபோன்ற ஆபத்தான முடிவு வந்தால் லேப்பில் இருந்து வார்டுக்குப் போன் போட்டுச் சொல்வதும், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று குறித்து வைப்பதும் நல்ல ஆஸ்பத்திரிகளின் நடைமுறை. அந்தக் குறிப்புக்கும் டாக்டரின் அடுத்த ஆர்டருக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

எல்லாச் சாவும் அலட்சியம் ஆகாது. பெரிய டாக்டர் கவனமாகப் பார்த்தும் போகிற உயிர்கள் உண்டு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், முடிவு கெட்டுப்போனது என்பதால் மட்டும் டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது, சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆகவே "கொன்றுவிட்டார்கள்" என்று புகார் எழுதினால் அது நிற்காது. "இத்தனை மணிக்கு இந்த எண் இப்படி இருந்தது, இன்னதைச் செய்திருக்க வேண்டும், இத்தனை மணி வரை செய்யவில்லை" என்று எழுதினால் நிற்கும்.

அடுத்தது போஸ்ட்மார்ட்டம். மனசு ஒப்பாது, வீட்டுப் பெரியவர்கள் "அறுத்துக் கொடுப்பார்கள், வேண்டாம்" என்பார்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனாலும் தவறான மருந்து, ஆபரேஷனில் ரத்தக்கசிவு, ரத்தம் மாறி ஏற்றியது போன்ற சந்தேகம் இருந்தால் அதை உறுதிசெய்யும் முக்கியமான வழி அதுதான். தகனத்துக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுப்போகும். ஆஸ்பத்திரி இருக்கும் எல்லைக்குரிய போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்தால் அவர்கள் விசாரணை நடத்தி உடலை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வீடியோ பதிவு வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள். ஊர் தூரம் என்று சொல்லி, உடல் கெடாமல் இருக்க ரசாயனம் ஏற்றும் எம்பாமிங் செய்துவிட்டு ஏற்றிவிடுவது பெங்களூரில் சகஜம். போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பு எம்பாமிங் செய்தால் மருந்து, நச்சு பற்றிய ரசாயனப் பரிசோதனை கெட்டுவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

பாக்கியைக் கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று கர்நாடகத்தில் சொல்ல முடியாது. தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டத்தில் (கேபிஎம்இ) 2017இல் செய்த திருத்தம், உடலைக் கொடுத்துவிட்டு பாக்கியைப் பிறகு வசூலித்துக்கொள்ளச் சொல்கிறது. இது தெரிந்தால், தள்ளுபடிக்குப் பதிலாகக் கையெழுத்து கேட்கும் பேரம் எடுபடாது. "சிகிச்சையில் முழுத் திருப்தி, புகார் இல்லை" என்ற தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். போலீஸ் புகாரையும் மருத்துவ கவுன்சில் புகாரையும் அது தடுக்காது. எந்த நிலையில், யார் கேட்டு, படிக்காமல் போட்டோம் என்று அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்கு ஒரு இமெயில் அனுப்பி வையுங்கள்.

ஆள் இன்னும் வார்டில் இருக்கும்போதே இதைப் படிப்பவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். நேரம், சொன்னது யார், கேட்டது யார், என்ன பதில் என்று எழுதுங்கள். மூச்சை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு 91 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, மேல் பிபி 90 அல்லது அதற்குக் கீழே, திடீர் உளறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் டூட்டி டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டிய நிலை. யூரின் பையையும் பாருங்கள்: எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி வர வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. நர்ஸிடம் சொல்லியும் டாக்டர் வரவில்லை என்றால் இரண்டாவது முறை வாயால் சொல்வதோடு நிற்காமல், ஒரு துண்டுத் தாளில் நேரத்தோடு எழுதிக் கொடுத்துப் போட்டோ எடுங்கள். எழுத்தைப் பார்த்ததும் வார்டு நகரும். அதற்கும் அசையாவிட்டால் கன்சல்டன்ட், அவருக்கு மேல் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்.

ஒப்புதல் படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களுக்குப் படிக்க வராவிட்டால், கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதுங்கள்: "எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். இன்ன டாக்டர் இன்ன ஆபரேஷன் என்று வாயால் சொன்னார்." கட்டம் காலியாக உள்ள படிவத்தில் கையெழுத்தே வேண்டாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது நீட்டப்படும் 'டாமா' தாளிலும் கவனம் வேண்டும். மருத்துவர் ஆலோசனையை மீறி நீங்களாகப் போகிறீர்கள் என்று அது சொல்லும்; பின்னால் எல்லாப் பழியும் உங்கள் தலையில் விழும். "நேற்று இரவு முதல் ஸ்பெஷலிஸ்ட் வராததால் மாற்றுகிறோம்" என்று உங்கள் கையால் காரணம் எழுதிய பிறகே கையெழுத்து.

புகார் எங்கே என்பதில்தான் அடுத்த குழப்பம். கர்நாடக மருத்துவ கவுன்சில் டாக்டரை மட்டும் விசாரிக்கும். எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம். ஒரு ரூபாய்கூட இழப்பீடு தராது. அங்கே டாக்டரின் பெயரோடு பதிவு எண்ணும் வேண்டும். ரெக்கார்டு தர மறுத்தது, அதிக பில், தகுதியில்லாத ஊழியர் போன்ற ஆஸ்பத்திரியின் குற்றங்களுக்கு டெபுடி கமிஷனர் (நம்மூர் கலெக்டர் போன்றவர்) தலைமையிலான கேபிஎம்இ மாவட்ட ஆணையம். போலீஸில், 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 106(1) பிரிவு. டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறை. ஆனால் வேறொரு தகுதியுள்ள டாக்டரின் கருத்து இல்லாமல் அது நகராது. அதுவரை புகார் பெற்றதற்கான எண்டார்ஸ்மென்டையாவது (ஒப்புகைச் சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

இழப்பீடு நுகர்வோர் ஆணையத்தில். மாவட்ட ஆணையமா மாநில ஆணையமா என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. அது 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. எந்த டாக்டர் தவறு செய்தார் என்று தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரியை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம் என்று 2004இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்பது 2010இல் வந்த கிஷன் ராவ் வழக்குத் தீர்ப்பு. ஆனாலும் அதே துறையில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் எழுத்துக் கருத்து இருந்தால் பலம். உள்ளூரில் யாரும் எழுதித் தரத் தயங்குவார்கள், சென்னையிலோ வேலூரிலோ தேடுங்கள். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே ஆவணங்களுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்), புகாருக்கு அரசு ஊழியர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்ஆயுக்தா.

"கேஸ் நான் முடித்துத் தருகிறேன், கிடைப்பதில் முப்பது சதவீதம்" என்று வருபவரிடம் ஒரிஜினல் தாள் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைக்கலாம்.

நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டுதான் கெடு. மருத்துவ கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் உண்டு. அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இதைத் தாக்கல் செய்யலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஓசூரில் இருந்து பெங்களூருக்கு வந்து சிகிச்சை பெற்றவரின் குடும்பம் இதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே, தமிழில் பேசித் தாக்கல் செய்யலாம்.