கழிவுநீர் வரம்பு மீறலைக் கண்காணிக்க லேப் சாம்பிளா, ஆன்லைன் சென்சாரா?

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் கழிவுநீர் சுத்திகரிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். வெளியே விடும் தண்ணீர் இசைவாணையில் (மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி ஆணையில்) உள்ள வரம்பை எப்போது தாண்டுகிறது என்று அறிய இரண்டு வழிதான். ஒன்று, அவ்வப்போது சாம்பிள் பிடித்து லேபுக்கு அனுப்புவது. இன்னொன்று, தண்ணீர் வெளியேறும் இடத்தில் சென்சார் பொருத்தி ஓயாமல் அளப்பது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் 17 வகை ஆலைகளுக்கு ஆன்லைன் சென்சாரைக் கட்டாயமாக்கியபோது பால் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நாங்களாகவே வைத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

லேப் கணக்கு துல்லியம், செலவும் குறைவு. வழக்கு என்று வந்தால் அதற்குத்தான் மதிப்பு. 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் சொன்ன முறைப்படி எடுத்து, சீல் வைத்து அனுப்பிய சாம்பிள்தான் கோர்ட்டில் செல்லும். ஆனால் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சோதனைக்கே 27 டிகிரியில் 3 நாள் ஆகும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் எங்கோ போயிருக்கும்.

எங்கள் ஆலையில் உற்பத்தி முடிந்த பிறகு, குழாய்களையும் டேங்குகளையும் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் விட்டுக் கழுவுவார்கள். பல நேரத்துக் கழிவையும் கலந்து சீராக்கும் சமன்தொட்டி நிரம்பியிருந்தால் அந்தக் கழிவு சரியாகக் கலக்காமலே முன்னால் நகரும், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) வரம்பை விட்டு விலகும். இது நடப்பது ராத்திரியில். காலை 11 மணிக்குப் பிடிக்கும் சாம்பிளில் இதன் சுவடே இருக்காது.

சரி, சென்சார் வாங்கிவிட்டால் போதுமா? பராமரிப்பு இல்லாத சென்சார் இல்லாததைவிட மோசம். பால் கொழுப்பு பிஎச் எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழில் படலமாகப் படியும். அப்புறம் தண்ணீர் எப்படி மாறினாலும் எண் சோம்பலாக நகரும், கடைசியில் 7.2 என்றே நிற்கும். திரையில் பார்ப்பவருக்கு எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். எனவே அசையாத எண்ணைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். சோப்புக் கரைசலில் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சற்று நேரம் வைத்து அலசி, பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துக் காலிபரேஷன் (எண் சரியாகக் காட்டுகிறதா என்று) பார்க்க வேண்டும். வேலை இல்லாதபோது எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போடவே கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். சர்வீஸ் ஒப்பந்தக்காரர் 3 மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதாது. வாராவாரம் பார்க்க ஷிப்டில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். சாம்பிள் எடுக்கும் அதே நிமிடத்துச் சென்சார் எண்ணையும் பதிவேட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் விலக ஆரம்பிப்பது அங்கேதான் தெரியும். இதற்காகவே லேபை நாங்கள் விடவில்லை.

சிஓடி (கழிவை ரசாயன முறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) காட்டும் ப்ரோப் வேறு கதை. அது சிஓடியை நேரடியாக அளப்பதில்லை. ஒளி உறிஞ்சப்படுவதை வைத்துக் கணக்கிடுகிறது. பொருள் மாறினால், தயிர் நாளுக்கும் ஐஸ்கிரீம் நாளுக்கும், கணக்கும் மாறும். சாய ஆலை, தோல் ஆலைகளில் நான் வேலை பார்த்ததில்லை, நிறம் ஏறிய தண்ணீருக்கு என் சிபாரிசு எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். திருப்பூர் மாதிரி ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாத இடங்களில் ஃப்ளோமீட்டரும் (தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் கருவி) கேமராவும்தான் முக்கியம்.

கையில் பணம் குறைவு என்றால் ஃப்ளோமீட்டரையும் பிஎச்சையும் முதலில் வாங்குங்கள். சிஓடிக்கு இன்னும் கொஞ்ச காலம் லேபே போதும்.