கை எட்டும் உயரத்தில்: அலுவலகத் தொங்குசெடிகளோடு மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் 14 தொங்குதொட்டிகளை மாட்டினோம். செடிகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பராமரிப்பும் என் பொறுப்பாகவே ஆனது. முதல் எட்டு மாதங்களுக்குள் 8 செடிகள் போய்விட்டன. மிஞ்சிய 6 செடிகளும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. அவற்றிலிருந்து வெட்டி நட்டவை, பின்னர் வாங்கியவை எல்லாம் சேர்த்து இப்போது 17 தொட்டிகள் தொங்குகின்றன.

ஒவ்வொரு செடி பட்டுப்போனபோதும் அதன் இனத்தின் மீதே நான் பழியைப் போட்டேன். இது அலுவலகத்துக்கு ஒத்துவராத செடி, அது ஏசிக்குத் தாங்காத செடி என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் இருந்த சில செடிகள் இப்போது அதே அறையில் தழைத்திருக்கின்றன. மாறியது ஒன்றே ஒன்றுதான்: தொட்டி தொங்கும் உயரம்.

தொங்குசெடி என்றதும் எல்லோருடைய கண்ணும் கூரைக்குப் போகிறது. நாங்களும் தரையிலிருந்து ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில், கூரையை ஒட்டினாற்போல் மாட்டினோம். முதல் நாள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்தே சிக்கல் தொடங்கியது. தண்ணீர் ஊற்ற ஏணி வேண்டும். கீழே கணினிகள், கோப்புகள். ஏணி போட வேண்டுமென்றால் இரண்டு பேர் எழுந்து நகர வேண்டும். அதனால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது நின்றுபோய், நீண்ட மூக்குள்ள வாளியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம் வந்தது. சில தொட்டிகள் சேறாகிக் கிடந்தன. சில எலும்பாகக் காய்ந்தன. இரண்டுமே கீழிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும்: வாடிய இலை. வாடிய இலையைக் கண்டால் மனிதர் செய்வது மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது இரண்டு பிலோடென்ட்ரான் கொடிகளை இழந்த பிறகு.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமும் தவறாகவே இருந்தது. ஜன்னல் பக்கத்தில் மாட்டினால் வெளிச்சம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஜன்னலின் மேல்விளிம்புக்கு மேலே தொங்கும் தொட்டிக்கு வானமே தெரியாது. கொடியின் கீழ்ப்பாதி ஜன்னலுக்கு நேராக இருப்பதால் அங்கே இலை செழிக்கும். தொட்டியின் தலைப்பகுதி மட்டும் மொட்டையாகும். அறை விளக்குகளும் கீழ்நோக்கியே ஒளி வீசுபவை என்பதால் கூரையை ஒட்டிய தொட்டிக்கு அவற்றாலும் பெரிய பயனில்லை. இப்போது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தொட்டி தொங்கப்போகும் உயரத்தில் கைபேசியைப் பிடித்து ஜன்னலை நோக்கி ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். படத்தில் கொஞ்சமாவது வானம் விழுந்தால் அந்த இடம் தேறும்.

மனிதக் கண் இந்த விஷயத்தில் நம்பத் தகுந்த சாட்சி இல்லை. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். நன்றாக வெயில் அடிக்கும் வெளியில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும். அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே படிக்கவும் எழுதவும் போதும். நமக்கு அது பிரகாசமாகத் தோன்றுகிறது, செடிக்கோ அது மாலை மங்கல். எங்கள் அறையில் கைபேசிச் செயலியால் அளந்தபோது ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஏறத்தாழ 2,000 லக்ஸ் காட்டியது. மூன்று மீட்டர் உள்ளே வந்ததும் 300-க்குக் கீழே இறங்கிவிட்டது. செயலி துல்லியமான கருவி அல்ல. ஆனாலும் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

ஆகவே எல்லாத் தொட்டிகளையும் இறக்கினோம். இப்போது தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 1.4 மீட்டருக்கு மேல் எங்கும் இல்லை. நடைபாதையில் தொங்கினால் தலையில் இடிக்கும் என்பதால் தாழ்வான அலமாரிகளுக்கு மேலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் வைத்திருக்கிறோம். இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தி, அதில் எஸ் வடிவக் கொக்கிகளை மாட்டி, அவற்றில் தொட்டிகளைத் தொங்கவிட்டோம். ஒரு கையால் தூக்கி இறக்கிவிடலாம். இறக்க முடிகிற செடிக்குத்தான் உண்மையான பராமரிப்பு கிடைக்கிறது: இலையின் அடிப்பக்கம் பார்க்க முடிகிறது, தூசி துடைக்க முடிகிறது, வாரம் ஒரு முறை திருப்பி வைக்க முடிகிறது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 20 சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டி, நனைந்த மண்ணோடு 4 கிலோவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். ஃபால்ஸ் சீலிங் பலகையில் கொக்கி திருகி அதில் இதைத் தொங்கவிடவே கூடாது; கான்கிரீட் தளத்தில் போல்ட் இறங்க வேண்டும், அல்லது சுவரிலோ தூணிலோ தாங்கி பொருத்த வேண்டும். எங்கள் தொட்டி ஒன்று ஒரு திங்கட்கிழமை காலையில் பலகையோடு பெயர்ந்து நாற்காலி மேல் கிடந்தது. அந்த நாற்காலிக்குரியவர் அன்று விடுப்பில் இருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

இனி செடிகள். மணி பிளாண்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று தாண்டிப் போக நினைத்தேன், முடியவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் அதிகம் கற்றது அதனிடம்தான். பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட செடி இது. காட்டில் மரத்தைப் பற்றி ஏறும். ஏற ஏற இலை விரியும். தொங்கவிட்டால் நேர்மாறாக, நுனி போகப்போக இலை சிறுத்துக்கொண்டே வரும். இரண்டு மீட்டர் நீளக் கொடி பெருமையாகத் தோன்றினாலும் அதன் கடைசிப் பகுதியில் கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை கட்டைவிரல் அளவுக்கு வந்துவிடும். நான் ஒரு மீட்டரைத் தாண்டவிடுவதில்லை. வெட்டிய துண்டுகளை, கணு நீருக்குள் மூழ்கும்படி குவளையில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் வரும். அவற்றைத் தாய்த்தொட்டியின் மொட்டைத் தலையிலேயே நட்டுவிடுவேன். தொட்டி அடர்த்தியாக இருப்பதன் ரகசியம் உரத்தில் இல்லை, இந்தத் திரும்ப நடுதலில் இருக்கிறது.

வெள்ளையும் மஞ்சளும் கலந்த இலைகளில் ஆசைப்படுபவர்கள் ஜன்னலுக்கு மிக அருகில் இடம் வைத்திருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்த எங்கள் மணி பிளாண்ட் ஒன்று ஆறே மாதத்தில் முழுப் பச்சையாகிவிட்டது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. ஒளி குறைந்த இடத்தில் பச்சை மிகுந்த தளிர்களே மேலோங்குகின்றன. இந்தச் செடி பூத்துப் பார்த்தவர்களும் மிகச் சிலரே. பூப்பதற்குத் தேவையான ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனைப் போதிய அளவில் உருவாக்கும் திறன் அதற்கு இல்லை. உலகெங்கும் பரவியதெல்லாம் துண்டு துண்டாக வெட்டி நட்டதால்தான் என்பதை நினைக்கும்போது, ஒவ்வொரு முறை கத்தரியை எடுக்கும்போதும் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

ஸ்பைடர் பிளாண்ட் அலுவலகத்துக்கு நம்பகமானது. அதன் வேர்கள் சதைப்பற்றுள்ள கிழங்குகள்போல நீரைச் சேமிப்பதால் ஒரு வாரம் மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும். நுனி பழுப்பாவதுதான் ஓயாத குறை. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடும் மண்ணில் சேரும் உப்பும் காரணமாக இருக்கும்போது அதிகம் ஊற்றிப் பயனில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை தொட்டியைக் குழாயடியில் வைத்து, அடித்துளை வழியே நீர் ஓடி வெளியேறும்படி நன்றாக அலசிவிடுகிறேன். உரத்தையும் பாதியாகக் குறைத்தேன். கருகல் முற்றிலும் போகவில்லை, ஆனால் புதிய இலைகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பாஸ்டன் பெரணியை நான் மிகவும் ஆசைப்பட்டு வாங்கினேன். ஐந்து வாரத்தில் தரையெல்லாம் உதிர்ந்த இலைத்துகள். ஏசி ஓடும் நேரத்தில் எங்கள் அறையின் ஈரப்பதம் 35 சதவீதம் வரை இறங்குகிறது. பெரணி அந்த வறட்சியைத் தாங்காது. தெளிப்பானால் நீர் தெளிப்பது பத்து நிமிட ஆறுதல், அதற்கு மேல் இல்லை. இரண்டாவது பெரணியைக் கை கழுவும் இடத்தின் சிறு ஜன்னலில் தொங்கவிட்டேன். அங்கே ஏசியும் இல்லை, காற்றில் ஈரமும் உண்டு. இப்போது அது ஒரு மீட்டர் அகலம். அலுவலகத்தின் மிக அழகான செடி, யாரும் படம் எடுக்காத இடத்தில் இருக்கிறது.

முத்துச்சரம்போல் தொங்கும் சதைப்பற்றுச் செடியை மட்டும் நான் மீண்டும் வாங்க மாட்டேன். அதன் ஒவ்வொரு மணியிலும் ஒரு மெல்லிய ஒளிபுகும் கோடு உண்டு. அந்தச் சாளரம் வழியே வெளிச்சம் உட்புறத் திசுவை அடைகிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி அது. ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி அதை வைத்தது என் பிழை.

எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது ரிப்சாலிஸ். கள்ளிக் குடும்பத்தில் பிறந்தும் பாலைவனத்துச் செடி அல்ல. மழைக்காட்டு மரக்கிளைகளில் ஒட்டி வாழ்வது. அதனால்தான் ஓரளவு நிழலையும் பொறுத்துக்கொள்கிறது. மெல்லிய பச்சைக் குச்சிகள் கொத்தாகத் தொங்கும். எங்களுடையதில் கையில் குத்தும் முள் எதுவும் இல்லை. இந்தப் பேரினத்தைச் சேர்ந்த ரிப்சாலிஸ் பாக்சிஃபெராதான் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே, ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படும் ஒரே கள்ளி. இரண்டரை ஆண்டுகளில் எங்கள் ரிப்சாலிஸுக்கு ஒரு பூச்சியும் வரவில்லை.

ஹோயா என்ற கொடிக்குப் பொறுமை வேண்டும். முதல் ஆண்டில் நான்கே இலைகள்தான் விட்டது. மூன்றாம் ஆண்டில் பூத்தது. மெழுகில் வார்த்தாற்போன்ற நட்சத்திரக் கொத்து. மாலையில் மணம் வரும். பூத்து முடிந்த காம்பை வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூவும் அதே காம்பில்தான் வரும். தேன் சொட்டும் என்பதால் அதற்குக் கீழே காகிதங்கள் வைக்க வேண்டாம்.

தண்ணீர் ஊற்றுவதில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு மிக எளியது: ஒருவர் மட்டுமே ஊற்றுவார். முன்பு எல்லோருக்கும் செடிகள் மீது அன்பு இருந்தது. ஆளுக்கொரு குவளை ஊற்றினார்கள். அதன் விளைவாக மண்ணிலிருந்து சிறு கறுப்பு ஈக்கள் கிளம்பி கணினித் திரைகள் மீது உட்கார்ந்தன. பூஞ்சை ஈக்கள். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணின் ஈரத்தில்தான் வளர்கின்றன. மேல் மூன்று சென்டிமீட்டர் நன்றாகக் காயும்வரை தண்ணீர் நிறுத்தினோம்; மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளைத் தொட்டியில் செருகினோம். முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரங்கள் ஆகும் என்பதால் முதல் பத்து நாட்களில் மாற்றமே தெரியவில்லை. சக ஊழியர் ஒருவர், “செடிகளையே எடுத்துவிடலாமே, எத்தனை நாள் இந்த ஈக்களோடு இருப்பது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆறாம் வாரத்தில் அட்டைகளில் புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை.

இப்போது திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் தொடுவதில்லை. இலேசாக இருந்தால் இறக்கி, அகன்ற நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்துவிட்டு மாட்டுகிறேன். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் கலந்த மண்கலவை ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே வழிந்து போய்விடும், வேர் நனையாது. ஊறவைப்பதுதான் அதற்கு வழி.

இன்னும் ஒன்று. செடிகள் அலுவலகக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதை நம்பித்தான் எங்கள் நிர்வாகம் இதற்கு ஒப்புக்கொண்டது. 1989-ல் நாசா செய்த ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை அது. ஆனால் அந்தச் சோதனை காற்றோட்டமில்லாத மூடிய பெட்டிகளில் நடந்தது. 2019-ல் வெளியான ஒரு மறு ஆய்வின்படி, கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடுகட்ட வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும். அதற்காகச் செடி வாங்காதீர்கள். திரையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு புதிய தளிரைப் பார்ப்பதற்காக வாங்குங்கள். எனக்கு அது போதுமான காரணம். வெட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான் இரண்டின் சாற்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிப் படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் எரியும், சிலருக்குத் தோலும் அரிக்கும். வெட்டும்போது கையுறை அணிகிறேன்.

ஜன்னலே இல்லாத கூட்ட அறைக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. இப்போதைக்கு இரண்டு மணி பிளாண்ட் தொட்டிகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றி வைக்கிறேன். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது ஜன்னலில் தேறும். சென்ற மாதம் முதல் அங்கே ஒரு எல்இடி வளர்ப்பு விளக்கை நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டு, இடம் மாற்றாமல் மூன்றாவது தொட்டி ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். ஐந்து வாரத்தில் இரண்டு புதிய இலைகள் வந்திருக்கின்றன. கணு இடைவெளி இன்னும் நீளவில்லை.