லம்ப்சமா, ஐட்டம் ரேட்டா, காஸ்ட் பிளஸ்ஸா?

கட்டட வேலைக்கு ஒப்பந்தம் மூன்று வகை: லம்ப்சம் என்றால் முழு வேலைக்கும் ஒரே மொத்தத் தொகை; ஐட்டம் ரேட் என்றால் செய்ததை அளந்து, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பேசிய ரேட்; காஸ்ட் பிளஸ் என்றால் ஆன செலவும், அதன்மேல் பேசிய லாபமும். எந்த ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் லாபம் நிற்கும் என்றுதான் காண்டிராக்டர்கள் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: மண்ணுக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது, அது ஏமாற்றினால் காசு யாருடையது?

ஒரு கணக்குப் போடுவோம். 40 அஸ்திவாரக் குழிகள், ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு 2 மீட்டர், டிராயிங்கில் ஆழம் 1.5 மீட்டர். தோண்ட வேண்டியது 240 கன மீட்டர். தோண்டினால் கெட்டி மண் 2.4 மீட்டரில்தான் வருகிறது. இப்போது 384. கூடுதல் 144 கன மீட்டர்.

வெறும் லம்ப்சமில் அந்த 144 பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஆனால் லம்ப்சத்திலும் ரகம் உண்டு. சர்வதேச வேலைகளில் புழங்கும் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தங்களில் மஞ்சள் புத்தகம், வெள்ளிப் புத்தகம் இரண்டுமே லம்ப்சம்தான். அனுபவமுள்ள காண்டிராக்டரால்கூட முன்கூட்டி ஊகிக்க முடியாத மண் நிலைமைக்கு மஞ்சளில் நிவாரணம் உண்டு. வெள்ளியில், எல்லாச் சிரமத்தையும் முன்பே எதிர்பார்த்ததாக நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறீர்கள். மொத்தத் தொகையைப் பார்க்கும் முன் இந்தப் பிரிவைப் பாருங்கள்.

டிராயிங் முடிவாகிவிட்ட வேலைக்கு லம்ப்சம் போல நிம்மதி கிடையாது. கட்டம் கட்டமாகப் பில், அளவுச் சண்டை இல்லை, மிச்சம் பிடித்தால் உங்களுக்கே. கெடுப்பது "சின்ன மாற்றம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு. எழுத்தில் உத்தரவு வராமல் ஒரு சுவரை நகர்த்தினாலும் அது தானமாகப் போய்விடலாம்.

ஐட்டம் ரேட்டில் அந்த 144-க்கும் பணம் உண்டு. அளந்திருந்தால்! குழியின் அடியில் பிசிசி (கம்பியில்லாத காங்கிரீட்) போட்டு, அதன்மேல் ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) கட்டி, மண்ணும் மூடியபின் ஆழம் 2.4 என்று யாரிடம் நிரூபிப்பது? பிசிசி வண்டி வரும் முன்பே இரு தரப்பும் குழியருகே நின்று, டேப் பிடித்து, குழி எண்ணோடு போட்டோ எடுத்து, அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும். "நாளைக்குப் போடுறேன் சார்" என்கிற கையெழுத்து வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அளவு ரொம்ப மாறினால் பழைய ரேட்டும் கட்டுப்படியாகாது. 1.5 மீட்டர் வரை தோண்டுவது ஒரு வேலை, அதற்குக் கீழே பக்கச்சுவர் சரியாமல் தாங்கிக்கொண்டு தோண்டுவது வேறு வேலை. அளந்து பில் போடும் ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பில், ஓர் ஐட்டத்தின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறி, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால் புது ரேட் கேட்கலாம். நம் கணக்கில் மாற்றம் 60 சதவீதம்.

அதே 1999 பதிப்பில் மூன்று புத்தகங்களுக்கும் பொதுவான ஒரு கண்ணி: கூடுதல் பணமோ காலமோ கேட்கிற காண்டிராக்டர், காரணம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் கோரிக்கை போச்சு. கெட்டி மண் வரவில்லை என்று மேஸ்திரி போன் பண்ணிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

காஸ்ட் பிளஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மண் கவலை கிட்டத்தட்ட இல்லை, பதிலுக்கு உங்கள் கணக்குப் புத்தகம் வேலை கொடுத்தவர் மேஜையில் இருக்கும். சும்மா நின்ற இயந்திரத்தின் வாடகை, உங்கள் தவறால் இடித்துக் கட்டிய செலவு எல்லாம் காஸ்ட்டில் சேருமா என்பதில்தான் உறவு முறியும். உச்சவரம்பும் வைத்துவிட்டால், அதைத் தாண்டியபின் அது லம்ப்சம்தான்.

மண் பரிசோதனை அரைகுறையாக இருந்தால் நான் கேட்பது கலப்பு: தரைக்குக் கீழே ஐட்டம் ரேட், மேலே லம்ப்சம். ஆனால் பிளிந்த் பீமும் (தரைமட்டத்தையொட்டிச் சுவரைத் தாங்கும் விட்டம்), அதற்குக் கீழே நிற்கும் தூண் பகுதியும் எந்தப் பக்கம் என்பதை டிராயிங்கிலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்வேன்.