ஊருக்குப் போகும்போது நீலக்கல் சோதிப்பவர்களுக்கு: கொழும்பு, இரத்தினபுரி

கொழும்பில் இரத்தினக்கல் ஆய்வுகூடத்துக்கு மோதிரத்தை அப்படியே கொண்டுபோனால் பாதி வேலைதான் நடக்கும். கல்லைத் தனியே நிறுக்க முடியாது. மேல் பாதி இயற்கை, கீழ் பாதி உலையில் செய்தது என்று ஒட்டிய கல் மூடிய கூட்டுக்குள் இருந்தால் கண்டுபிடிப்பதும் கடினம். பத்தரிடம் முதலில் கல்லைக் கழற்றுங்கள். மோதிர அளவு மாற்றுவதானால் கல் வெளியே இருக்கும்போதே செய்யட்டும். வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பிய கல் என்றால் ஊதுவிளக்குச் சூடும் நகை வெளுக்கும் அமிலமும் அதைக் கெடுத்துவிடும்.

நீலமும் சிவப்பும் ஒரே கனிமம், குருந்தம். இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன், அவ்வளவுதான். சுத்தமானது நிறமற்றது. சொற்ப குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். மோஸ் அளவில் கடினம் 9. வைரம் இதைக் கீறும், ஆகவே வைர நகையோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

கடையில் கண்ணாடியைக் கீறிக் காட்டி 'அசல்' என்பார்கள். அது சோதனையே இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902இல் அறிவித்த, தூளைச் சுடரில் உருக்கிக் கல்லாக்கும் சுடர்முறையில் செய்த கல்லும் குருந்தம்தான்: அதே கடினம், அதே அடர்த்தி 4.00, அதே ஒளிவிலகல் 1.762–1.770. வித்தியாசம் உள்ளே. 10 மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் உலைக்கல். இயற்கைக் கல்லில் நிறப்பட்டை நேராக ஓடிக் கோணமாக மடங்கும். 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் ரூட்டைல் (டைட்டேனியம் ஒட்சைட்டுக் கனிமம்) ஊசிகளும் இருக்கலாம்.

சேர்ட்டிபிக்கேட்டில் 'இயற்கைக் குருந்தம்' என்ற வரியைப் பார்த்துவிட்டு எழும்பி வராதீர்கள். சூடாக்கியதா என்ற வரிதான் விலையைத் தீர்மானிப்பது. இலங்கையின் பால்நிறக் கெவுடாக் கல்லை 1,600 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டால் ஊசிகள் கரைந்து, டைட்டேனியம் கல்லுக்குள் பரவி நீலமாகும். நிறம் நிரந்தரம்; சொல்லி விற்றால் குற்றமும் இல்லை. ஆனால் சூடாக்காத நல்ல கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. மஞ்சள் கல்லும் பத்பராட்ஷா (இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த குருந்தம்) என்று காட்டும் கல்லும் இன்னும் சிக்கல்: பெரிலியம் ஊட்டிச் சுட்டிருந்தால் நுண்ணோக்கியில் பிடிபடாமல் போகலாம். லேசரால் துளி எடுத்து அளக்கும் நிறமாலைமானி வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று காசு கட்டுமுன் கேளுங்கள்.

இரத்தினபுரியிலோ பேருவளையிலோ தனிக்கல் வாங்கினால் எடை, நிறம், சூடாக்கிய விபரம் மூன்றையும் ரசீதில் எழுதுவியுங்கள். வெளியே கொண்டுபோவது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை வழியாக. அதைப் பிளேன் ஏறும் நாளுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.